இடது பக்கக் கண்ணாடி

1991, ஏப்ரல் 16, செவ்வாய்

காலையிலிருந்தே கொளுத்தும் வெயில். தகரக் கூரை படபடவென்று சத்தம். செங்கல் லாரிக்கு முன்கண்ணாடி ரப்பர் மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. மனசு வேலையில் இல்லை, எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடியே.

முற்பகலில் ஒரகடம் கூட்டு ரோட்டில், என் கண்ணாடிக் கடைக்கும் எஸ்தர் அக்கா இட்லிக் கடைக்கும் நடுவில் ஒரு கார் வந்து நின்றது. சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்த மாதிரி. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், ஸ்டீயரிங் இடது பக்கம். இந்த ரோட்டில் இப்படி ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. ஓட்டி வந்தவர் இறங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு, புரோக்கரோடு வடக்குப்பட்டுப் பக்கம் நிலம் பார்க்கப் போய்விட்டார். கம்பெனி கட்ட இடம் தேடுகிறவர்கள் இப்போது தினமும் வருகிறார்கள். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆளே இல்லாத காருக்கு ஏ.சி.யா, பணத்திமிர் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

என்ஜின் எப்போது நின்றது என்று தெரியாது. டீ குடிக்க இறங்கிய லாரி டிரைவர் ஒருவன் ஆசையாகக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான். பார்த்தவன் கத்தினான். "யோவ், உள்ள கொயந்த கீதுய்யா."

பெண் குழந்தை. நாலைந்து வயது. வலது சீட்டில் சாய்ந்து கிடந்தது. முடி நெற்றியில் ஒட்டி, வாய் லேசாகத் திறந்து. தட்டினோம், அசைவில்லை. இரண்டு கதவும் பூட்டு. ஒரு சாவி உள்ளேயே தொங்குகிறது, இன்னொரு சாவியால் வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். டிரைவர் அவரைத் தேடி வயல் பக்கம் ஓடினான்.

நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரன் நான்தானே. தகரப் பட்டையைக் கதவு இடுக்கில் விட்டுப் பார்த்தேன். நம் ஊர் கார் என்றால் உடனே திறந்துவிடும். இதில் கொக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மற்றொரு கையில் சுத்தியல். கண்ணாடியைப் பார்த்தேன். லேசான பச்சை, அழகான வளைவு, சுற்றிச் சட்டமே கிடையாது. இது இந்தியாவில் கிடைக்காதே என்று நினைத்தேன். உடைத்தால் என் தலையில் அல்லவா விழும் என்று நினைத்தேன். குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இவ்வளவும் நினைத்தேன்.

எஸ்தர் அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா தேவராஜு, நின்னுகினு கீற. ஒடச்சிப் போடு."

"ஓனரு வந்துடுவாருக்கா. ஆளு போயிருக்குது. இந்தக் கண்ணாடி எங்கியும் கெடைக்காது."

அக்கா என் கையிலிருந்த சுத்தியலைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. ஒரு இழுப்புக்கு இறுக்கித்தான் பிடித்தேன். அப்புறம்தான் விட்டேன்.

முதல் அடி நடுக் கண்ணாடியில். சுத்தியல் எகிறித் திரும்பியது. இரண்டாவது அடி ஓரத்தில். கற்கண்டு மூட்டை அவிழ்ந்த மாதிரி முழுக் கண்ணாடியும் பொலபொலவென்று கொட்டியது. உள்ளேயிருந்து வந்த அனல் எனக்கே முகத்தில் அடித்தது. அக்கா கையை விட்டுக் கதவைத் திறந்து, சீட்டில் முழங்கால் ஊன்றி, குழந்தையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னார். "எம்பேரச் சொல்லிடாத. பொறம்போக்குல கட போட்டுகினு கீறேன். பெரிய எடம் போலகீது."

தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் ரோட்டில் நின்ற எங்களுக்கு மூச்சே வந்தது.

அவர் வயலிலிருந்து ஓடி வந்தபோது நான் கீழே கிடந்த சுத்தியலைக் குனிந்து எடுத்திருந்தேன். கடையில் எந்தச் சாமானையும் கீழே கிடக்க விடாமல் எடுத்து வைக்கும் பழக்கம். வேறு காரணமில்லை. அவர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"நீங்களா உடைச்சீங்க?"

"வேற வழி இல்ல சார்."

அவ்வளவுதான் சொன்னேன். நான் என்றும் சொல்லவில்லை, நான் இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். வெள்ளைச் சட்டை, ஷூ முழுக்கச் சேறு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு புரோக்கர் ஜீப்பில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். காரைத் தள்ளி என் ஷெட்டுக்குள் விட்டோம்.

அக்கா சொல்லாதே என்றதால்தான் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

மேகம் இல்லை. வெக்கை.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முள்ளாணிகளை ஒவ்வொன்றாக, உடையாமல். கதவு வயிற்றுக்குள் கண்ணாடித் தூள் கை கையாக. சீட்டுக்கு அடியில், ஏ.சி. துவாரத்தில், குழந்தையின் ஒற்றைச் செருப்பில். உடைந்த காரை எத்தனையோ பெருக்கியிருக்கிறேன். இன்று அந்தச் செருப்பை உதறிவிட்டு வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

இட்லிக் கடை இன்று திறக்கவில்லை. எஸ்தர் அக்கா கண்ணில் தூள் போய்விட்டதாம். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கூடப் போயிருக்க வேண்டும். காரை விட்டுப் போக முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனால் பத்மா வாசலிலேயே நின்றிருந்தாள். புரோக்கர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். "இன்னாங்க, ஒரு வார்த்த சொல்லல எங்கிட்ட? தெருவே பேசிகினு கீது. கண்ணாடிக் கட தேவராஜு கொயந்த உசுரக் காப்பாத்திட்டாருன்னு." கண்ணெல்லாம் மின்ன நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. வடை சுட்டிருந்தாள்.

சாப்பிட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

கார்க்காரர் வந்தார். பெயர் ரகு. குழந்தை மீனுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நன்றாக இருக்கிறாளாம். நிலம் பார்த்து உடனே திரும்பிவிடலாம், தூங்குகிற குழந்தையை எழுப்புவானேன் என்று நினைத்தாராம். புரோக்கர் கிணற்றைக் காட்டுகிறேன், எல்லைக் கல்லைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போய்விட்டானாம். சொல்லும்போதே குரல் உடைந்தது. மனுஷன் நல்லவர்தான். கண்ணாடிக்காகச் சண்டை போடுகிற ஆள் இல்லை. அக்கா பயந்தது வீண். அதைத் தெரிந்துகொண்ட அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

அதற்குள் அவர் என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப் போனார்.

"தேவராஜ், ஒரு உதவி. என் வைஃப் கோயமுத்தூர்ல அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க. லாரியிலேர்ந்து கல்லு தெறிச்சு கண்ணாடி போச்சுன்னு சொல்லியிருக்கேன். உண்மை தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. யாராவது கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. அவ வர்றதுக்குள்ள கண்ணாடி போட்டுடணும்."

சரி சார் என்றேன். உடனே சொன்னேன். எனக்குள் ஒரு நிம்மதி. கல் உடைத்தது என்றால் யாருமே உடைக்கவில்லை, யாருமே சும்மா நிற்கவும் இல்லை. அவருடைய பொய்க்குள் நானும் போய் ஒண்டிக்கொண்டேன்.

ஒரிஜினல் கண்ணாடி பம்பாயில் தேடச் சொல்லியிருக்கிறார். அதுவரை கண்ணாடி மாதிரியே இருக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட்.

ஏப்ரல் 20, சனி

மெட்ராஸ் போய் அக்ரிலிக் வாங்கி வந்தேன். பஸ்ஸில் நெருக்கடி. சுவரெல்லாம் தேர்தல் விளம்பரம், சுண்ணாம்பு வாடை.

வலது பக்கக் கண்ணாடி மேல் காகிதம் ஒட்டி அச்சு எடுத்து, திருப்பிப் போட்டு, இடதுக்கு வெட்டினேன். அடுப்பில் காட்டி வளைத்தேன். முதல் துண்டு பொங்கிப் பாழ். இரண்டாவது பரவாயில்லை. ஆனாலும் அதன் வழியாகப் பார்த்தால் ரோடு நெளிகிறது. இட்லிக் கடை நெளிகிறது. அக்கா நெளிகிறார்.

ஆமாம், கடை திறந்துவிட்டார். இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டு. ஒற்றைக் கண்ணால் பார்த்து மாவு ஊற்றுவதால் தட்டுக்கு வெளியே சிந்துகிறது. போய் எதிரில் நின்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அக்கா, அவர் கோபிக்கிற ஆள் இல்லை, நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். வாயில் வந்தது வேறு.

"கண்ணு எப்டிக்கா கீது?"

"எரியுது. சரியாப் போயிடும்ன்றாங்க டாக்டரு. அது கெடக்கட்டும், கொயந்த எப்டி கீதாம்?"

"நல்லா கீதாம்."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டுச் சட்னி வாளியை எடுத்தார். நான் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்று எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மணிமங்கலத்தில் பத்மாவின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. நல்ல கூட்டம். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது மச்சான் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார். "மாப்ள, அந்தக் காரு கதயச் சொல்லு. உன் வாயால கேக்கணும்."

இல்லை மச்சான், சின்ன விஷயம் என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று அதற்கும் ஒரு பாராட்டு. பத்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். முதல் அடி நடுவில் அடித்தேன், சுத்தியல் எகிறியது என்று சொன்னேன். ஓரத்தில் அடித்தால்தான் போகும் என்று தெரியும், அப்படியே ஒன்று வைத்தேன் என்றேன். அனல் முகத்தில் அடித்தது என்றேன். முழங்காலை ஊன்றிக் குழந்தையைத் தூக்கினேன் என்றேன். அக்கா செய்தது ஒன்று விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தானே எல்லாம் ஞாபகம் இருக்கும்.

ஒரு பெரியவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பத்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தோளை அசைக்கவில்லை. அந்தத் தோளே எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஒரு சொட்டு மழை. மண் வாசனைகூட வரவில்லை, புழுக்கம்தான் கூடியது.

பம்பாயிலிருந்து கண்ணாடி வந்துவிட்டது. அடிபட்ட இதே மாதிரிக் காரிலிருந்து கழற்றியதாம். வைக்கோல், கம்பளி, மரச்சட்டம். பிரித்ததும் முதலில் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு சில்லு இல்லை.

வயிற்றுவலி என்று பத்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன். அவள் எல்லாரிடமும் பெருமையாகப் பேசுவதைக் கேட்க முடியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

மே 2, வியாழன்

கண்ணாடி ஏற்றினேன்.

செய்தது: அக்ரிலிக்கைக் கழற்றியது. கதவு வயிற்றை மறுபடி துணியால் ஒற்றி எடுத்தது. ஓடும் பள்ளத்துக்குப் புது ரப்பர். கீழ்த் தாங்கியில் போல்ட்டைத் தளர்வாக விட்டு, கதவை மூடி, மேல் விளிம்பு கூரை ரப்பரில் எங்கே உட்காருகிறது என்று பார்த்து, திறந்து, மயிரிழை நகர்த்தி, மறுபடி மூடி. சட்டம் இல்லாத கண்ணாடி என்பதால் தானாகவே நேராக நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நாள் முழுக்க அதே வேலை. கடைசியில் சுவிட்சை அமுக்கினால் சத்தமே இல்லாமல் ஏறிப் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் அடித்துப் பார்த்தேன், ஒரு துளி உள்ளே இல்லை.

இந்தத் தொழிலில் என் கைக்கு இதைவிட நல்ல வேலை அமைந்ததில்லை. சந்தோஷப்படத் தெரியவில்லை.

அக்கா கண் கட்டு பிரித்துவிட்டார். வெள்ளை விழியில் சிவப்பாக ஒரு கீறல். பார்வைக்கு ஒன்றுமில்லையாம்.

மே 4, சனி

கத்திரி தொடங்கிவிட்டது. காற்றே இல்லை.

காரை எடுத்துப் போக ரகு சார் வருவார் என்று இருந்தேன். அவருக்கு மீட்டிங்காம். டிரைவரோடு டாக்சியில் அவர் மனைவி வந்து இறங்கினார். பருத்திப் புடவை, சின்ன வயது. கையைப் பிடித்துக்கொண்டு மீனு. குழந்தையைப் பார்த்ததும் நான் ஸ்பானரைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க. கல்லு இவ்ளோ பெரிசாவா பட்டுச்சு?"

"ஆமாம்மா. லாரிக் கல்லு."

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அதற்குள் மீனு கையை உதறிவிட்டு இட்லிக் கடைக்கு ஓடிவிட்டாள். எஸ்தர் அக்கா புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா குனிந்து கன்னத்தைத் தொட்டார். அந்த அம்மா பின்னாலேயே போனார். நானும் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

"இவங்கள உனக்கு எப்படிடா தெரியும்?"

"இவங்கதான் தண்ணி ஊத்துனாங்க. கார்ல ரொம்ப சூடா இருந்துச்சு. அப்பா இல்ல. நான் கூப்ட்டேன்."

அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார். "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். சொல்லப்போகிறார் என்று காத்து நின்றேன்.

"கொயந்த உள்ள தூங்கிகினு இருந்துச்சும்மா. வண்டி நின்னு போய் ஏ.சி. இல்ல. மயங்கிட்ச்சு. கண்ணாடிய ஒடச்சி எடுத்தோம்."

"யாரு உடைச்சது?"

"இங்க கீறவங்க எல்லாருந்தாம்மா."

எனக்கும் சேர்த்து ஒரு பங்கு கொடுத்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா," என்றேன். "அவங்கதான் ஒடச்சாங்க. நான் வாணாம்னு தடுத்தேன். கண்ணாடி கெடைக்காதுன்னு சொன்னேன்."

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "இப்பதானே கல்லுன்னு சொன்னீங்க."

சார் சொல்லச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றையாவது சொல்லாமல் விட்டேன். சொல்லத் தேவையும் இல்லை, அந்த அம்மாவுக்கே புரிந்துவிட்டது. இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிவப்புக் கீறல் இதனால்தானா என்று கேட்டார். அக்கா, ஒன்னுமில்லம்மா, ஒன்னுமில்லம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடு ரோட்டில் நிற்பவன் போல நின்றேன்.

போகும்போது அந்த அம்மா காரில் ஏறவில்லை. டிரைவரிடம், "நீங்க எடுத்துட்டுப் போங்க, நாங்க பஸ்ல வர்றோம்," என்றார். மீனுவைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜன்னல் வழியாக மீனு அக்காவுக்குக் கை காட்டினாள்.

கார் காலியாகப் போயிற்று. கண்ணாடி நேராக உட்கார்ந்திருந்தது.

மே 5, ஞாயிறு

வெயில். கடை விடுமுறை.

காலையில் பத்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுத்தியலை நான் விடாமல் பிடித்தது, மணிமங்கலத்தில் சொன்னது, எல்லாம். நிமிர்ந்தே பார்க்கவில்லை. கீரை முழுக்க ஆய்ந்து முடித்தாள். பிறகு, "எங்க அண்ணங்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்," என்றாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக நீ என்றாள். அவளே கவனித்தாளா தெரியாது. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டு ரோட்டுக்கு வந்தேன். எஸ்தர் அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் முதல் ஈடு இட்லியை இறக்கியிருந்தார். வேறு ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு இட்லி வைத்தார்.

"அக்கா, ஊரு பூரா நான் ஒடச்சேன்னு பேசிகினு கீது. நானும் ஆமான்னு சொல்லிகினு இருந்தேன். மச்சான் வூட்டுல கதயாவே சொன்னேன்."

"தெரியும். புரோக்கரு வந்து எங்கிட்டயே சொன்னான்."

"கேட்டுகினு சும்மாவா இருந்த?"

அக்கா அடுப்பை ஊதினார். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்தான்.

"நான் மட்டும் இன்னா தேவராஜு. கொயந்த கீதுன்னு அந்த டிரைவரு கத்துனது எனக்கு அப்பவே கேட்டுச்சு. எண்ணெல வட வெந்துகினு இருந்துச்சு. கருகிடுமேன்னு எல்லாத்தயும் எடுத்துத் தட்டுல போட்டுட்டு, அடுப்புல வெறக வெளிய தள்ளிட்டுத்தான் வந்தேன். நீ நின்னது எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. நான் வட எடுத்தது எவனுக்குத் தெரியும்? ஜெபத்துல உக்காந்தா அதுதான் முன்னால வருது."

இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். செங்கல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அக்கா முந்தானையால் என் தட்டை மூடி, புழுதி அடங்கும்வரை பிடித்திருந்தார்.

"ஆறிப்போவுது பாரு. சட்னி ஊத்தட்டா?"

"ஊத்துக்கா," என்றேன்.